அணுவளவு பிசகு

கோவலனைச் சிக்கவைக்கும் பொற்கொல்லன், தயங்கி நிற்கும் காவலர்களுக்குக் களவுத் தொழிலைப் பற்றி ஒரு வகுப்பே எடுக்கிறான். மந்திரத்தில் தொடங்கிக் கருவியில் முடியும் எட்டுத் துணைகள் கள்வருக்கு உண்டு என்கிறான். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் அதே இடத்தில் ஒரு காவலன், தான் நேரில் கண்ட கள்வன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறான். அந்தக் கள்வன் நிலத்தை அகழும் உளியோடு வந்தவன். பூட்டைத் திறக்கும் கம்பி எதுவும் அவனிடம் இருந்ததாகப் பேச்சே இல்லை. வடமொழி நாடகமான மிருச்சகடிகத்தில் வரும் சர்விலகனும் சுவரைத் துளைத்துத்தான் வீட்டுக்குள் நுழைகிறான்; துளையை எந்த வடிவத்தில் போட்டால் அழகாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வேலை பார்க்கிறான். தமிழில் இதற்குக் கன்னம் வைத்தல் என்று பெயர். கருவி கன்னக்கோல்.

இன்றைக்கும் கதை பெரிதாக மாறவில்லை. கோவையிலிருந்து வேலந்தாவளம் தாண்டி வடகரப்பதிக்குள் நுழைந்தால் இருபுறமும் தென்னந்தோப்பு. ஒவ்வொரு தோப்பிலும் ஒரு சாளை, ஒரு மோட்டார் ரூம், அதன் கதவில் ஒரு பூட்டு. கேரள எல்லைக்குள் தமிழ் பேசிக்கொண்டிருக்கும் இந்தக் கிராமங்களிலும் சரி, எல்லைக்கு அப்பாலும் சரி, மோட்டார் ரூமில் கைவைக்க வருகிறவன் பூட்டின் பக்கமே போவதில்லை. கடப்பாரையால் கொண்டியை நெம்புவான், அல்லது கூரையைப் பிரிப்பான். அரை மணி நேரம் குனிந்து உட்கார்ந்து ஒரு மெல்லிய கம்பியால் பூட்டோடு பேச்சு வார்த்தை நடத்த எந்தத் திருடனுக்கும் பொறுமை கிடையாது. பூட்டைச் சாவியில்லாமல், சேதமில்லாமல் திறக்கும் கலையை உலகம் முழுக்கப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் திருட்டுக்குச் சற்றும் லாயக்கில்லாத ஆட்கள். புதிர் பைத்தியங்கள், கணிப்பொறிக்காரர்கள், ஓய்வு பெற்ற எந்திரப் பொறியாளர்கள். அவர்களை அந்தப் பூட்டோடு கட்டிப்போடுவது ஒரு பௌதிக உண்மை. எந்தப் பூட்டையும் எவராலும் முழுத் துல்லியமாகச் செய்ய முடியாது. செய்தவர் விட்ட அணுவளவு பிசகுதான் திறக்கிறவருக்குக் கிடைக்கும் ஒரே வழி.

கடையில் சாதாரணமாக வாங்கும் ஒரு பித்தளைப் பூட்டை எடுத்துக்கொள்வோம். சாவி நுழைவது ஓர் உருளைக்குள். உருளை ஓர் உறைக்குள் இருக்கிறது. உறையிலிருந்து உருளைக்குள் வரிசையாக ஐந்து துளைகள் இறங்குகின்றன. ஒவ்வொரு துளையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பின், அவற்றுக்கு மேல் ஒரு குட்டி ஸ்பிரிங். சாவி இல்லாதபோது மேல் பின்கள் பாதி உறையிலும் பாதி உருளையிலுமாகக் குறுக்கே நிற்கும், உருளை திரும்பாது. சரியான சாவி உள்ளே போனால், அதன் பற்கள் ஒவ்வொரு ஜோடியையும் வேண்டிய உயரத்துக்குத் தூக்கி, மேல் பின்னும் அடிப் பின்னும் சேருமிடம் உருளையின் விளிம்புக்கு நேராக வரச் செய்யும். அந்த விளிம்பைப் பிரிகோடு என்று வைத்துக்கொள்வோம். ஐந்தும் பிரிகோட்டில் நின்றுவிட்டால் குறுக்கே எதுவும் இல்லை, உருளை சுழலும். பழைய எகிப்தில் மரத்தில் இருந்த யோசனைதான் இது. அதை உலோகத்தில், சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் தட்டைச் சாவியோடு, 1860-களில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் லைனஸ் யேல் இளையவர்.

இப்போது கணக்கு. ஒவ்வொரு பின்னுக்கும் ஆறு உயரங்கள் என்று கொண்டால், ஐந்து பின்களுக்கு ஆறை ஐந்து முறை பெருக்க வேண்டும்: 7,776 விதமான சாவிகள். ஒரு சாவிக்கு ஐந்து விநாடி என்று வைத்து எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தால் பதினொரு மணி நேரத்துக்கு அருகில் ஆகும். பூட்டு தரும் பாதுகாப்பு இந்தப் பெருக்கலில்தான் இருக்கிறது. ஒரு பின் சரி, நான்கு தப்பு என்றாலும் பூட்டு வாயைத் திறக்கக் கூடாது. எது சரி, எது தப்பு என்று ஜாடை காட்டவும் கூடாது.

ஆனால் காட்டிவிடுகிறது. ஐந்து துளைகளையும் துளைத்தது ஓர் எந்திரம். ஐந்தும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இருக்காது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்காவது ஒரு துளை இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம் விலகியிருக்கும். பின்களின் தடிமனும் அப்படியே. சாவித்துளையில் ஒரு வளைந்த கம்பியை விட்டு உருளையை மெல்லத் திருப்பப் பார்த்தால், ஐந்து பின்களும் ஒன்றாகத் தடுக்க வேண்டும் அல்லவா? உண்மையில் முதலில் தடுப்பது ஒரே ஒரு பின்தான், அதிகம் விலகியிருக்கும் துளையில் உள்ளது. அது மட்டும் இறுகி நிற்கும். மற்ற நான்கும் ஸ்பிரிங்கின் கீழ் தளர்வாக ஆடிக்கொண்டிருக்கும். இன்னொரு கம்பியால் அந்த இறுகிய பின்னை மெதுவாக மேலே தூக்கினால், அதன் ஜோடி பிரிகோட்டைத் தொட்ட கணத்தில் உருளை இம்மியளவு திரும்பும். மேல் பின் அந்த விளிம்பில் உட்கார்ந்துகொள்ளும், கீழே வராது. உருளை அந்த இம்மி திரும்பியதும் இப்போது அடுத்த துளையின் பின் இறுகும். இப்படியே ஒவ்வொன்றாக.

இதனால் கணக்கே தலைகீழாகிறது. ஐந்து பின்களையும் ஒரே நேரத்தில் ஊகிக்க வேண்டியதில்லை, தனித்தனியாகத் தீர்த்துக்கொள்ளலாம். ஆறை ஐந்து முறை பெருக்குவதற்குப் பதிலாக ஆறை ஐந்து முறை கூட்டினால் போதும். 7,776 என்பது 30 ஆகிவிட்டது. பெருக்கல் எப்போது கூட்டலாக மாறுகிறதோ அப்போது எந்தப் பாதுகாப்பும் படுத்துவிடும், அது பித்தளையில் செய்ததாக இருந்தாலும் சரி, கணிப்பொறியின் கடவுச்சொல்லாக இருந்தாலும் சரி. 1996-இல் பால் கோச்சர் என்ற அமெரிக்கச் சங்கேதவியலாளர், ஒரு கருவி ரகசியக் கணக்கைச் செய்ய எடுத்துக்கொள்ளும் நேரத்தை மட்டும் அளந்தே அதன் ரகசிய எண்ணைத் துண்டு துண்டாக மீட்டுவிடலாம் என்று காட்டினார். அதற்கும் இதற்கும் தர்க்கம் ஒன்றே: முழு விடை தெரிவதற்கு முன்பே பாதி விடை சரி என்று எந்திரம் எங்கோ ஒரு மூலையில் காட்டிக்கொடுக்கிறது.

ரிச்சர்ட் ஃபெயின்மன் லாஸ் அலமோஸில் அணுகுண்டு வேலையில் இருந்தபோது சக விஞ்ஞானிகளின் எண் பூட்டுகளைத் திறந்து வேடிக்கை காட்டியது பலருக்கும் தெரிந்த கதை. அதன் உள்ளே இருந்ததும் பிசகுதான். நூறு கோடுகள் உள்ள வட்டில் மூன்று எண்கள், அதாவது பத்து லட்சம் சேர்க்கைகள். ஆனால் சரியான எண்ணுக்கு இரண்டு கோடு முன்பின் நின்றாலும் அந்தப் பூட்டு ஏற்றுக்கொண்டது. ஆகவே ஐந்து கோட்டுக்கு ஒன்றைச் சோதித்தால் போதும்: இருபது, இருபது, இருபது. மிச்சம் 8,000. பத்து லட்சம் என்று விற்கப்பட்ட இரும்புப் பெட்டியின் உண்மையான மதிப்பு அவ்வளவுதான்.

சரி, கம்பியின் நுனியில் நடப்பது விரலுக்கு எப்படித் தெரிகிறது? விரல் தோலின் ஆழத்தில் பாசினியன் துகள்கள் என்ற உணர்விகள் இருக்கின்றன. நொடிக்கு 250 முறையை ஒட்டிய அதிர்வுகளுக்கு அவை மிகக் கூர்மையாக எதிர்வினை காட்டும்; அந்த அலைவெண்ணில் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான அசைவைக்கூட அவை பிடித்துவிடும். ஒரு பின் பிரிகோட்டில் உட்காரும்போது எழும் சிறு 'டிக்' கம்பி வழியாக ஓடி வந்து இந்தத் துகள்களைத் தட்டுகிறது. தேங்காய் வியாபாரி காயைத் தட்டிப் பார்த்தே உள்ளே எவ்வளவு தண்ணீர், பருப்பு எவ்வளவு முற்றியது என்று சொல்வதைப் போல, கண்ணுக்கு எட்டாத இடத்தைக் கை பார்க்கிறது. பழக்கமில்லாத கைக்கு எல்லா 'டிக்'கும் ஒன்றுதான். ஸ்பிரிங் அழுந்தும் மெத்தென்ற உணர்வுக்கும், இறுகிய பின்னின் முரட்டுத்தனத்துக்கும், உட்கார்ந்துவிட்ட பின்னின் உயிரில்லாத ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை மூளை சில வாரங்களில் பிரித்து வைத்துக்கொள்கிறது.

புதிதாக வருகிறவர் எல்லோரும் செய்யும் தவறு, உருளையை அழுத்தித் திருகுவது. அழுத்தம் கூடினால் ஒரு பின் மட்டுமல்ல, இரண்டு மூன்று சேர்ந்து இறுகிக்கொள்ளும்; பூட்டு சொல்வது எதுவும் கேட்காது. கொங்கு வட்டாரத்தில் நடைபாதையில் அரமும் சாவிக் கொத்துமாக உட்கார்ந்திருக்கும் எந்தச் சாவிக்காரரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்: "பலத்தக் காட்டாதீங்க தம்பி. நீங்க திருப்ப வேண்டாம், அது தானாத் திரும்போணும்." பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுத வேண்டிய உராய்வியல் அது.

பொழுதுபோக்காகத் தொடங்க நினைப்பவருக்கு என் யோசனை: மலிவான பின் பூட்டில் தொடங்குங்கள், திண்டுக்கல் பூட்டைத் தொடாதீர்கள். அவமரியாதை அல்ல, நேர்மாறு. திண்டுக்கல் பூட்டு வேறு வம்சம். அதில் பின் கிடையாது, லீவர்கள். தகடு தகடாக அடுக்கிய இரும்போ பித்தளையோ ஆன லீவர்கள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு உயரத்தில் ஒரு வாய் வெட்டியிருக்கும். சாவி எல்லா லீவரையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால் வாய்கள் ஒரே வரிசைக்கு வரும், தாழின் முட்டு அவற்றுக்குள் நுழையும், பூட்டு திறக்கும். ஒன்று அதிகம் தூக்கினாலும் குறைவாகத் தூக்கினாலும் நுழையாது. குறைவாகத் தூக்கினால் மட்டுமல்ல, அதிகம் தூக்கினாலும் தடுக்கிற இந்த ஏற்பாட்டுக்கு 1778-இல் ராபர்ட் பாரன் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார்.

விவசாயத்துக்குத் தண்ணீர் போதாத வறண்ட மண்ணில், நல்லாம்பட்டி, நாகல்நாயக்கன்பட்டி, யாகப்பன்பட்டி போன்ற ஊர்களில் பட்டறை பட்டறையாக வளர்ந்த தொழில் அது. மாங்காய்ப் பூட்டு, திறக்கும்போது மணி அடிக்கும் பூட்டு, ஷட்டர் பூட்டு, டிராயர் பூட்டு என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைகள். 1957-இல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2019 ஆகஸ்டில் கண்டாங்கிச் சேலையோடு சேர்ந்து புவிசார் குறியீடும் கிடைத்தது. அதற்குள் அலிகாரிலிருந்து எந்திரத்தில் வார்த்த மலிவுப் பூட்டு வந்து சந்தையைப் பெரும்பாலும் தின்றுவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். குறியீடு கிடைத்தால் வியாபாரம் தானே திரும்பிவிடும் என்று நம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பிசகின் கண்ணோட்டத்தில் பார்த்தால் கைவேலைப் பூட்டு சுவாரஸ்யமானது. எந்திரம் செய்யும் பிழை ஒரே மாதிரியானது. ஒரே அச்சில் வந்த நூறு பூட்டுகளும் ஏறக்குறைய ஒரே குணத்தைக் காட்டும். ஆச்சாரி அரத்தால் ராவிய லீவரில் பிழை பூட்டுக்குப் பூட்டு மாறும். ஒன்றில் பழகிய கை அடுத்ததில் புதிதாகத் தொடங்க வேண்டும். கனமான ஸ்பிரிங், இறுகலான லீவர், மெல்லிய கம்பியை வளைத்துவிடும் எதிர்ப்பு எல்லாம் சேர்ந்து தொடக்கக்காரரை ஒரே மாலையில் இந்தப் பொழுதுபோக்கை விட்டே ஓட வைக்கும். கோத்ரெஜ் நவ்தால் பூட்டில் 7 லீவர் என்று பொறித்திருக்குமே, அதுவும் இந்த லீவர் இனம்தான். ஆர்தேஷிர் கோத்ரெஜ் 1897-இல் பம்பாயில் தொழிலைத் தொடங்கியது பூட்டில்தான். பீரோ பிறகு வந்தது.

லீவர் பூட்டின் புகழ் ஒருமுறை உலக அளவில் சரிந்தது. 1817-இல் போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில் நடந்த திருட்டுக்குப் பிறகு, திறக்க முடியாத பூட்டு வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு பரிசு அறிவித்தது. மறு ஆண்டே ஜெரமையா சப் ஒரு பூட்டோடு வந்தார். யாராவது ஒரு லீவரை அளவுக்கு மீறித் தூக்கினால் அது அப்படியே மாட்டிக்கொள்ளும். அடுத்த முறை சொந்தக்காரர் சாவி போடும்போது, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இன்னொரு பக்கம் ஜோசப் பிராமா என்பவரின் கடை லண்டன் பிக்காடிலியில் இருந்தது. அதன் சன்னலில் 1790 முதல் ஒரு பூட்டு சவாலுக்கு வைக்கப்பட்டிருந்தது: திறப்பவருக்கு 200 கினி. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை.

1851-இல் லண்டனில் உலகப் பொருட்காட்சி. நியூயார்க்கின் டே அண்ட் நியூவெல் கம்பெனியின் பூட்டுகளை விற்க வந்த ஆல்ஃபிரட் ஹாப்ஸ் சப் பூட்டை 25 நிமிடத்தில் திறந்து, மீண்டும் பூட்டியும் காட்டினார். பிறகு பிராமா பூட்டு. அதற்கு 16 நாட்களில் பரவிய 51 மணி நேரம் ஆனது. அந்தப் பூட்டில் பதினெட்டுச் சறுக்குத் தகடுகள். மொத்தச் சேர்க்கைகள் நாற்பத்தேழு கோடி. ஹாப்ஸ் நாற்பத்தேழு கோடியையும் முயலவில்லை. அழுத்தத்தில் எந்தத் தகடு இறுகுகிறது என்று பார்த்தார், அதைத் தீர்த்தார், அடுத்ததற்குப் போனார். பணத்தைக் கொடுத்தார்கள், முணுமுணுத்துக்கொண்டே. சில ஆண்டுகளில் ஹாப்ஸ் விற்க வந்த அந்த அமெரிக்கப் பூட்டையே யேல் இளையவர் திறந்துவிட்டார்.

பத்திரிகைகள் குதித்தன. இப்படிப் பகிரங்கமாகக் காட்டினால் திருடர்கள் கற்றுக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டன. 1853-இல் வந்த பூட்டுகள் பற்றிய தன் நூலில் ஹாப்ஸ் சொன்ன பதில் இன்றைக்கும் பொருந்துகிறது: திருடர்களுக்கு நாம் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை, அவர்கள் நமக்கு முன்பே தெரிந்துவைத்திருக்கிறார்கள், தெரியாமல் இருப்பது பூட்டு வாங்குகிறவருக்குத்தான். முப்பது ஆண்டு கழித்து ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் ராணுவச் சங்கேதங்களுக்கு இதையே விதியாக எழுதினார். எந்திரத்தின் அமைப்பு எதிரிக்குத் தெரிந்தாலும் பாதுகாப்பு நிற்க வேண்டும். ரகசியம் சாவியில் மட்டும் இருக்க வேண்டும்.

நம் ஊரில் இதைப் பொழுதுபோக்கு என்று சொன்னால் கேட்பவர் முகம் கொஞ்சம் மாறத்தான் செய்யும். "பையன் படிச்சிட்டு ஏனுங் இப்படி?" என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் கேட்பார். 1997-இல் ஹாம்பர்க்கில் முறையான மன்றமாகத் தொடங்கியவர்களும், பிறகு நெதர்லாந்தில் கூடியவர்களும் இதே சந்தேகத்தை எதிர்கொண்டுதான் இரண்டு விதிகளைத் தமக்கே வைத்துக்கொண்டார்கள். உனக்குச் சொந்தமான பூட்டை மட்டும் திற. எங்கோ மாட்டிப் பயன்பாட்டில் இருக்கும் பூட்டில், அது உன்னுடையதே ஆனாலும், கைவைக்காதே. இரண்டாவது விதியை நம் ஆட்கள் அலட்சியம் செய்வார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: கம்பி உள்ளே ஒடிந்துபோனால் ராத்திரி பத்து மணிக்கு வீட்டு வாசலில் குடும்பத்தோடு நிற்க வேண்டியிருக்கும். சட்டம் பார்ப்பதோ நோக்கத்தை. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 445-ஆம் பிரிவில் வீட்டை உடைத்து நுழைதலுக்கு ஆறு வழிகளைச் சொல்லியது. அதற்குக் கொடுத்த முதல் எடுத்துக்காட்டே சுவரில் துளை போடுவது. நம் கன்னக்கோல்தான். அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறப்பது நான்காவது வழி. 2024 ஜூலை முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதை இருக்கிறது. மேசைமேல் சொந்தப் பூட்டைத் திறப்பது இந்தக் குற்றத்துக்குள் வராது. ஆனால் கம்பிகளைப் பையில் போட்டுக்கொண்டு இரவில் ஊர் சுற்றிவிட்டுப் பொழுதுபோக்கு என்று போலீஸாரிடம் விளக்கம் சொல்ல நேர்ந்தால், அந்த விளக்கம் எடுபடும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

பூட்டைச் சுற்றி மர்மம் கட்டுவதில் கேரளத்தை மிஞ்ச முடியாது. பித்தளைச் சித்திர வேலையோடு தறவாட்டுக் கதவுகளில் தொங்கும் மணிச்சித்திரத்தாழின் பெயரில் 1993-இல் வந்த படம்தான் கன்னடம் வழியாகச் சுற்றி 2005-இல் நமக்குச் சந்திரமுகியாக வந்தது. 2011 ஜூனில் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகளை உச்ச நீதிமன்றம் நியமித்த குழு திறந்தபோது, 'பி' அறையின் உள்கதவு மட்டும் வழிவிடவில்லை. நாகபந்தம், மந்திர உச்சாடனம் என்று நாடே பேசியது. முன்னாள் தலைமைத் தணிக்கையாளர் வினோத் ராய் தன் அறிக்கையில், அந்த அறை 1990 முதல் குறைந்தது ஏழு முறை திறக்கப்பட்டிருக்கிறது என்று எழுதிவிட்டார். கடலோர ஈரத்தில் மூடிக்கிடக்கும் இரும்பு சாவிக்குக்கூடப் பணிய மறுப்பதை விளக்க நாகம் தேவையில்லை, துரு போதும். இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்கு கூடும். தாழுக்கும் உறைக்கும் நடுவே விட்டிருந்த இடைவெளியை அது தானே நிரப்பிவிடும்.

இந்த இடைவெளியை ஏன் விடுகிறார்கள் என்ற கேள்விக்கு இங்கே வந்தாக வேண்டும். பிசகு இல்லாமல் துளைக்க எந்திரம் இல்லையா? ஏறக்குறைய இல்லாமல் துளைக்கலாம், விலை கூடும். மேல் பின்னின் இடுப்பைச் சிறுத்துக் கடைந்து, திறப்பவரைப் பொய்யான 'டிக்'கால் ஏமாற்றவும் செய்யலாம். நல்ல பூட்டுகளில் செய்கிறார்கள். ஆனால் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் சொந்தச் சாவியும் உள்ளே போகாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வடகரப்பதித் தோப்புகளுக்குள் அடிக்கும் காற்று கொண்டுவரும் புழுதியில் பத்து முதல் ஐம்பது மைக்ரோமீட்டர் அளவுத் துகள்கள் தாராளமாக உண்டு. பூட்டின் உள் இடைவெளியும் அதே அளவுதான். இன்னும் நெருக்கமாகச் செய்த விலையுயர்ந்த பூட்டை மோட்டார் ரூமில் மாட்டினால் ஒரு கோடையில் இறுகிவிடும். தளர்வான மலிவுப் பூட்டு பத்து வருஷம் திறந்து மூடும். நோண்டித் திறப்பதும் எளிது. இரண்டும் ஒரே இடைவெளியிலிருந்து வருகிறவை.

தென்னை நாட்டில் பூட்டு இறுகினால் முதலில் கை போவது தேங்காய் எண்ணெய்க்கு. விடாதீர்கள். 24 டிகிரியில் அது உறையத் தொடங்கும். மார்கழி விடியலில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் பூட்டோடு மல்லுக்கட்டுவது இதனால்தான். உறையாத வெயிலிலோ புழுதியைப் பிடித்து வைத்துக் குழைத்து ஸ்பிரிங்குகளைச் சுற்றிப் பசையாக்கிவிடும். பென்சில் முனையைச் சுரண்டி அந்தப் பொடியைச் சாவியில் தடவி நாலைந்து முறை போட்டு எடுத்தால் போதும். கிராஃபைட் உலர்ந்த வழுக்கி, புழுதியைச் சேர்த்துக்கொள்ளாது. ஏற்கெனவே எண்ணெய் விட்ட பூட்டாக இருந்தால் முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவிக் காயவிட வேண்டும்.